2147483647 – எதனால் வகுபடும், எங்கே முடியும்?

வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், மொபைல் எண் என்று மூன்று பத்திகள். பெயர்கள் வேறு வேறு, ஊர்களும் வேறு வேறு. ஆனால் மொபைல் எண் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 2147483647.

இது ஹேக்கர் வேலை இல்லை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அந்தப் பத்தியை 'இன்ட்' என்று அறிவித்து, கண்டிப்பான சரிபார்ப்பு முறையையும் அணைத்து வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். 'இன்ட்' வகை தாங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. அதைவிடப் பெரிதாக எது வந்தாலும் இந்த எண்ணாக வெட்டி வைத்துவிட்டு, ஓரமாக ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு டேட்டாபேஸ் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்திய மொபைல் எண்கள் பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் ஆரம்பிப்பவை. ஆக, எல்லாமே இந்த எல்லையைத் தாண்டியவை. ஒன்று கூடத் தப்பாது. அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை: 214 என்பது டல்லாஸ் நகரத்தின் தொலைபேசிக் குறியீடு. அதனால் இந்த எண் அங்கே ஒரு நல்ல டல்லாஸ் நம்பர் மாதிரியே தெரியும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

நம் முறையில் படித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கணினி வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு சுவர். ஆனால் கணினி வருவதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண் கணிதத்தில் பிரபலம். அப்போது இதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி, "இதை எதனால் வகுக்க முடியும்?" இப்போது நாம் கேட்கும் (பல சமயம் கேட்க மறக்கும்) கேள்வி, "இது எங்கே முடியும்?" இரண்டு கேள்விகளும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்த கதைதான் இந்தக் கட்டுரை.

முப்பத்தோரு ஒன்றுகள்

1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 31 எண்களைக் கூட்டுங்கள். விடை 2147483647. சுருக்கமாக எழுதினால் 2³¹ − 1. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்ஜியம் கூடக் கிடையாது.

2-இன் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி. இவற்றில் எவையெல்லாம் பகா எண்கள் (தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை) என்று 1644-இல் ஒரு பட்டியல் போட்டார்.

பகா எண் வேண்டுமென்றால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும். அடுக்கு 15 என்றால், 15 = 3 × 5 என்பதால் அந்த எண்ணும் உடைந்துவிடும்: 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பதினொன்று பகா எண்தான், இருந்தும் 2047 உடைகிறது. இந்த 2047-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மூன்று பேர் கைமாறிய கணக்கு

இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த பியெத்ரோ கட்டால்டி, 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே நிறுவினார். 2¹⁹ − 1 = 524287. இதன் வர்க்கமூலம் 724-க்குச் சற்று மேல். ஒரு எண்ணுக்கு வகுக்கும் எண் இருந்தால், வர்க்கமூலத்துக்குள் ஒன்றாவது இருந்தாக வேண்டும். ஆகவே 724 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். சிரமமான வேலை, ஆனால் ஒரு மனிதனால் முடியும்.

அதோடு அவர் நிற்கவில்லை. அடுக்கு 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் பகா எண் கிடைக்கும் என்று சொல்லிவைத்தார். 1640-இல் ஃபெர்மா இரண்டை உடைத்தார்: 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடும், 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும். அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் மூன்றாவதை உடைத்தார்: 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. கட்டால்டி சொன்ன நான்கில் மூன்று போயிற்று. மிச்சம் இருந்தது 31 மட்டும்.

2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கணக்கு பிசகினாலும் முடிவு செல்லாது. அதற்கு முன்னால் 46340 வரை பிழையில்லாத பகா எண் பட்டியல் வேறு கையில் இருக்க வேண்டும்.

ஆய்லர் இதை முடித்தது 1772 வாக்கில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். வயது 65. பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. அவர் சொல்லச்சொல்ல உதவியாளர்கள் எழுதினார்கள். 4792 வகுத்தல்களைப் போட்டு முட்டிமோதாமல், போடவேண்டிய வகுத்தல்களின் எண்ணிக்கையையே அவர் குறைத்தார்.

இரண்டு சல்லடைகள்

முதல் சல்லடை. 2³¹ − 1 ஏதோ ஒரு பகா எண்ணால் வகுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால், அவை ஒரு சுற்றாக வரும். 1 வந்ததும் மறுபடி முதலிலிருந்து. 31-ஆவது இடத்தில் 1 வருகிறது என்பதால் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். ஆகவே நீளம் ஒன்று, அல்லது 31. நீளம் ஒன்று என்றால் 2-ஐ வகுத்தாலே மீதி 1 வரவேண்டும், அது நடக்காது. ஆகவே நீளம் 31.

இங்கே ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வருகிறது. ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 31 என்ற சுற்று நீளம், 'பகா எண் கழித்தல் ஒன்று' என்பதைச் சரியாக வகுத்தாக வேண்டும். அந்தக் கழித்த எண் இரட்டைப்படை வேறு. ஆக 62-ஆலும் வகுபடும். முடிவு: வகுக்கும் எண்ணை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும்.

2047-இல் சரிபார்க்கலாம். அங்கே 31-க்குப் பதில் 11, 62-க்குப் பதில் 22. காரணிகள் 23, 89. இரண்டையும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1. முன்னே பார்த்த 47, 223, 233 எல்லாமே இந்த வகைதான்.

இரண்டாவது சல்லடை இன்னும் அழகு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணை வகுத்து மீதியாக 2 வருகிறது. எல்லாப் பகா எண்ணுக்கும் இது நடக்காது. 7-க்கு நடக்கும் (3-இன் வர்க்கம் 9, மீதி 2). 17-க்கு நடக்கும் (6-இன் வர்க்கம் 36, மீதி 2). 3, 5, 11, 13 ஆகியவற்றுக்கு எந்த வர்க்கத்தை எடுத்தாலும் வராது. விதி இதுதான்: 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களுக்கு மட்டுமே நடக்கும்.

இரண்டையும் சேர்த்தால்: வகுக்கும் எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் (8 × 31) வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரவேண்டும். 46340 வரை அப்படிப்பட்ட எண்கள், வெறும் 63-ஐத் தள்ளிவிட்டால், 372. அவற்றிலும் 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால் வகுபடும் என்று பகு எண்களைக் கழித்தால் நூற்றுக்கும் குறைவு. முதலில் வருவது 311. அடுத்தது 1303. அங்கிருந்து மேலே போகவேண்டியதுதான்.

311-ஆல் வகுத்தால் மீதி 35. இப்படி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மீதியை விட்டது. கடைசிவரை எதுவும் சரியாக வகுக்கவில்லை. 2147483647 ஒரு பகா எண். 4792 வகுத்தல்கள் நூற்றுக்குள் அடங்கின. ப்ரோகிராம் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: லூப்பை வேகமாக ஓடவைப்பது ஒரு வித்தை, ஓடவேண்டிய தேவையையே நீக்குவது வேறொரு வித்தை. இரண்டாவதுதான் பெரியது.

"இதற்கு மேல் போகமாட்டார்கள்"

மெர்சென் பகா எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செவ்விய எண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுக்கும் எண்களின் கூட்டுத்தொகை தானாகவே அமையும் எண்தான் செவ்விய எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஆய்லரின் பகா எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் வருவது 2305843008139952128. எட்டாவது செவ்விய எண்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், இனி இதைவிடப் பெரிய செவ்விய எண் கண்டுபிடிக்கப்படாது என்று தன் புத்தகத்தில் எழுதினார். அவர் சொன்ன காரணம்தான் சுவாரசியம். முடியாது என்பதல்ல, இதெல்லாம் வெறும் வேடிக்கை, பயன் ஒன்றும் இல்லை, ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்றார்.

மனிதர்களைப் பற்றிய அந்தக் கணிப்பு 65 ஆண்டுதான் தாங்கியது. 1876-இல் எட்வர்ட் லூகாஸ் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். அது 39 இலக்கம். அவர் முறையை டி.எச். லேமர் 1930-இல் சீர்படுத்தினார். 4-இல் ஆரம்பித்து, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்துக்கொண்டே போகவேண்டும்: 4, 14, 194, 37634... ஒவ்வொரு படியிலும் நாம் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2³¹ − 1-க்கு 29 படி. கடைசியில் மீதி பூஜ்ஜியம் என்றால் பகா எண். பத்து வரி ப்ரோகிராம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 3-ஐ அடுக்காக வைத்தால் 2³ − 1 = 7, பகா எண். 7-ஐ அடுக்காக வைத்தால் 127, பகா எண். 127-ஐ அடுக்காக வைத்தால் லூகாஸின் எண், அதுவும் பகா எண். அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? கிடைப்பது சுமார் 64 கோடியே 64 லட்சம் இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண் இல்லை. 295257526626031-ஆல் வகுபடும் என்று 1983-இல் தெரியவந்தது. 64 கோடி இலக்க எண்ணை எழுதிப் பார்க்காமலேயே எப்படிப் பிடித்தார்கள்? அதே முதல் சல்லடைதான். இந்தக் காரணியில் ஒன்றைக் கழித்து, 2147483647-இன் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். சரியாக 68745 வரும்.

கணினி ஏன் இந்த எண்ணில் வந்து நின்றது?

இனி இரண்டாவது வாழ்க்கை. 32 பிட் என்றால் 32 சுவிட்ச். ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப். மொத்தம் 2³², அதாவது 4294967296 நிலைகள். கடன், இழப்பு, பூஜ்ஜியத்துக்குக் கீழ் வெப்பநிலை என்று எதிர்ம எண்களும் நமக்குத் தேவை. ஆகவே பாதியை எதிர்ம எண்களுக்கு ஒதுக்கினார்கள். மீதிப் பாதியில் 2147483648 இருக்கைகள். அதில் ஒன்றில் பூஜ்ஜியம் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே மேல் எல்லை 2³¹ − 1. அந்த 'கழித்தல் ஒன்று' பூஜ்ஜியத்தின் இருக்கை, அவ்வளவுதான்.

அது ஒரு பகா எண்ணாக அமைந்தது முழுக்க அதிர்ஷ்டம். 8 பிட்டில் எல்லை 127; பகா எண். 16 பிட்டில் 32767, ஏற்கெனவே உடைத்துவிட்டோம். 32 பிட்டில் ஆய்லரின் எண். 64 பிட்டில் எல்லை 9223372036854775807; அது 7-ஆல் இரண்டு முறை வகுபடும், 73-ஆலும் 127-ஆலும் கூட வகுபடும். 128 பிட்டுக்குப் போனால் எல்லை லூகாஸின் எண். கணினி வடிவமைத்தவர்கள் யாரும் இதைத் திட்டமிடவில்லை.

எல்லையில் நின்று ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குப் போகும். இங்கே பூஜ்ஜியத்துக்குக்கூடப் போகாது, மறுகோடிக்குப் போகும். 2147483647 + 1 = −2147483648. ஜாவாவில் இதுவே விதி. சி மொழியிலோ என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இதன் பக்கவிளைவு ஒன்று: −2147483648-க்கு நேர்மப் பக்கத்தில் ஜோடி கிடையாது. ஆகவே ஜாவாவில் அதன் குறியை நீக்கித் தரச்சொல்லி 'ஆப்ஸ்' கட்டளையைக் கூப்பிட்டால், அதே −2147483648 திரும்பி வரும். குறி போகாது.

சுவரில் முட்டியவர்கள்

214 கோடி என்பது 1960-களில் எட்டாத உயரம். இன்று அப்படி இல்லை. சில இடங்கள்:

பணம். ரூபாயில் தசமப் புள்ளி வேண்டாம் என்று தொகையைப் பைசாவாகச் சேமிப்பது நல்ல வழக்கம். ஆனால் 32 பிட்டில் சேமித்தால் எல்லை 2,14,74,836 ரூபாய் 47 பைசா. ஒருவரின் கைச்செலவுக் கணக்குக்குப் போதும். சென்னையில் ஒரு வீடு வாங்குகிற கணக்குக்கே போதாமல் போகலாம்.

பார்வைகள். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு யூடியூபில் இந்த எண்ணைத் தொட்டது. முட்டுவதற்கு முன்பே கவனித்து, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

விமானம். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. விமானத்தின் மின்சாரத்தை அணைக்காமல் 248 நாள் தொடர்ந்து வைத்திருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் உள்ள ஒரு எண்ணி நிரம்பி, அவை பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும்; பறக்கும்போது நடந்தாலும் மாறுதிசை மின்சாரம் மொத்தமும் போகும் என்றது. 248 நாள் எங்கிருந்து வந்தது? நொடிக்கு 100 என்று எண்ணினால் 2³¹ வர 2,14,74,836 நொடி ஆகும். நாளுக்கு 86400 நொடி. வகுத்தால் 248.55 நாள். எண்ணி அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும் என்று பலரும் ஊகித்தார்கள். உடனடித் தீர்வு, குறிப்பிட்ட கால இடைவெளியில் அணைத்துவிட்டுப் போடுவது. நாம் மோடத்துக்குச் செய்கிற அதே வைத்தியம்!

(ஆய்லரின் சல்லடையிலும் 248 வந்ததே என்று கேட்பீர்கள். அது 8 × 31. இது ஒரு நாளில் எத்தனை நொடி என்பதிலிருந்து வந்தது. வெறும் தற்செயல்.)

தேடல். அகரவரிசையில் நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துப் பாதிப் பாதியாகக் குறைப்பதுதான் பைனரி தேடல். நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்போம். முனைகள் 150 கோடியிலும் 160 கோடியிலும் இருந்தால்? இரண்டும் எல்லைக்குள்தான். கூட்டினால் 310 கோடி. சுவரைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை சுமார் 9 ஆண்டுகள் இருந்தது என்று, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாக எழுதினார். தீர்வு எளிது: கீழ் முனையோடு, இடைவெளியின் பாதியைக் கூட்டுங்கள்.

நேரம். இதுதான் பெரிது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (கிரீன்விச் நேரம்) நொடிகளை எண்ணுகின்றன. அந்த எண்ணி 32 பிட்டாக இருந்தால், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு 2147483647 ஆகும். அடுத்த நொடி கணினிக்கு அது 1901 டிசம்பர் 13.

லேப்டாப்பும் புதிய ஃபோனும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. 32 பிட் கருவிகளுக்கும் லினக்ஸ் கெர்னல் 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து வழி செய்திருக்கிறது. 64 பிட்டில் நொடிகளை எண்ணினால் சுமார் 29,200 கோடி ஆண்டு தாங்கும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். பயம் அங்கே இல்லை. சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோன கருவிகளில் இருக்கிறது, நேரத்தை நாலு பைட்டில் எழுதிவைத்த பழைய கோப்புகளில் இருக்கிறது, 'இன்ட்' என்று அறிவித்த டேட்டாபேஸ் பத்திகளில் இருக்கிறது. இதற்கு 2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். 2018 ஜனவரி கடைசியில் 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியவரின் கடைசித் தவணைத் தேதி ஏற்கெனவே சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிறது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் ப்ரோகிராமுக்கு 2038 எப்போதோ வந்துவிட்டது.

வேடிக்கை எண்ணுக்கு ஒரு வேலை

பார்லோ 'பயனில்லை' என்றாரே, அதற்குப் பதில் 1969-இல் வந்தது. கணினிக்குத் தாயக்கட்டை உருட்டத் தெரியாது. ஆனால் போக்குவரத்து, வரிசையில் காத்திருத்தல், அணு இயற்பியல் என்று எதை மாதிரியாக ஓட்டிப் பார்க்கவும் தற்செயலான எண்கள் வேண்டும். லேமர் (அதே லேமர்தான்!) ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒரு எண்ணை எடு, நிலையான ஒன்றால் பெருக்கு, நிலையான ஒன்றால் வகு, மீதிதான் அடுத்த எண். லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்காக அதற்கு எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருக்க 16807, வகுக்க 2147483647.

1-இல் ஆரம்பித்தால்: 16807, 282475249, 1622650073, 984943658... இந்த வரிசை 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா எண்களையும் சரியாக ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1-க்கு வரும். ஒன்றையும் விடாது, நடுவில் எதையும் திரும்பச் சொல்லாது. இதற்குக் காரணம் வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதுதான். 7-இன் அடுக்குகளின் மீதிகள் இங்கே முழுச் சுற்று சுற்றும். 16807 என்பது 7⁵. சுற்றின் நீளமான 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331; இதில் 5 இல்லை. ஆகவே ஐந்து ஐந்தாகத் தாவினாலும் எதுவும் விடுபடாது.

அது 2³¹ − 1 ஆக இருப்பதால் வேகமும் கிடைக்கிறது. 9-ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது. இங்கே 2³¹-க்கு மீதி 1. ஆகவே பெருக்கி வந்ததை 31 பிட்டில் வெட்டி, மேல் துண்டையும் கீழ் துண்டையும் கூட்டினால் போதும் (கூட்டல் எல்லையைத் தாண்டினால் இன்னொரு முறை மடிக்க வேண்டும்). வகுத்தலே தேவையில்லை. எந்த மீதி வந்தாலும் 32 பிட்டுக்குள் அடங்கியும் விடும்.

ஆக "எதனால் வகுபடும்?" என்ற ஆய்லரின் கேள்வியும், "எங்கே முடியும்?" என்ற எஞ்சினியரின் கேள்வியும் இங்கே ஒரே வரி ப்ரோகிராமில் சந்திக்கின்றன. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். இன்றும் சி++ மொழியின் தர நூலகத்தில் 'மின்ஸ்டான்டர்ட் ராண்ட் ஜீரோ' என்ற பொருளில் உள்ள பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்வேர்டுக்கும் ரகசியக் குறியீட்டுக்கும் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும்.

வார இறுதியில் செய்து பார்க்க இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது பொழுதுபோக்கு: மேலே சொன்ன பெருக்கலை நீங்களே எழுதி, 1-இல் ஆரம்பித்து 10,000 முறை ஓட்டுங்கள். 1043618065 வந்தால் எழுதியது சரி. வேறு ஏதாவது வந்தால், பெருக்கும்போது எங்கோ சுவரில் முட்டியிருக்கிறீர்கள். பெருக்கலுக்கு மட்டும் 64 பிட் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் பராமரிக்கும் ஏதாவது ஒரு ப்ரோகிராமை எடுத்து, சோதனைக் கணினியில் (நிஜ சர்வரில் வேண்டாம்!) தேதியை 2038 ஜனவரி 19 காலை 8:40-க்கு மாற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஐந்தே நிமிடச் சோதனை. எண்ணி, பணம், தேதி என்று புதிதாக எந்தப் பத்தியை அறிவிக்கும்போதும் 'இது எங்கே முடியும்?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்வதற்கு அந்த ஐந்து நிமிடம் கூட ஆகாது.